தெளிந்த தண்ணீரில் மிதந்த முட்டை

படித்ததை நாலு பேர் முன்னால் காட்டாவிட்டால் சிலருக்குத் தலை வெடித்துவிடும். எனக்கு அது என்னைப் பெண் பார்க்க வந்த அன்று வெடித்தது.

எருமப்பட்டியில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சங்ககிரியில் முட்டை வியாபாரம். நான் ஆற்று நீரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா, "என்ன சாமி படிக்கறீங்க?" என்றார். (பேச்சுக்குக் கேட்டார் என்று புரிந்திருந்தால் இதை எழுதவே வேண்டியிருக்காது.)

மூன்று கண்ணாடி டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தேன். ஒன்றில் தெளிந்த காவிரித் தண்ணீர், ஒன்றில் புதுவெள்ளத்துக் கலங்கல், ஒன்றில் உப்புக் கரிக்கும் எங்கள் போர் தண்ணீர்.

"வண்டலும் உப்பும் சேரச் சேரத் தண்ணி அடர்த்தியாகுமுங்க மாமா. அது முட்டையைத் தூக்கும், பாருங்க."

டம்ளருக்கு ஒரு முட்டை போட்டேன். கலங்கலில் முட்டை முங்கியது. போர் தண்ணீரிலும் முங்கியது. தெளிந்த தண்ணீரில் மட்டும் ஜம்மென்று மிதந்தது.

முட்டை வியாபாரிக்கு மிதக்கும் முட்டை என்றால் பழைய முட்டை, அவ்வளவுதான். என் அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "நம்ம பண்ணையில பழசே கெடையாதுங்க" என்றார் கெஞ்சுகிற குரலில். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரையே பார்த்தார்.

பண்ணையின் பெயர் போவதற்குப் பதில் என் மானமே போகட்டும் என்று உண்மையைச் சொன்னேன். "அது என் ரூம்ல இருந்ததுங்க. நீங்க வாரீங்கன்னு தெரிஞ்சதுல இருந்து அதை வெச்சுத்தான் ஒத்திகை பாத்தேன். கலங்கல்ல நல்லா மிதந்துச்சுங்க." (தெளிந்த தண்ணீரில் போட்டுப் பார்க்க இந்த ஆராய்ச்சியாளருக்குத் தோன்றவில்லை.) "இன்னைக்கு டம்ளரை மாத்திப் போட்டுட்டேன்."

மாப்பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்தார். "எத்தனை நாளுங்க ஒத்திகை?"

"முட்டை மிதக்கற அளவுக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு போட்டோவில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது.

வண்டலும் உப்பும் ஆற்று நீரின் அடர்த்தியைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் துளியூண்டு, முட்டையைத் தூக்க அது போதாது. கலங்கல் பார்க்கத்தான் பயமுறுத்தும், சும்மா விட்டால் படிந்துவிடும். கரைந்த உப்பு கண்ணில் படாது, அடியில் படியவும் படியாது. அன்று என் மேதாவித்தனம் வண்டல். போட்டோ பார்த்த நாளிலிருந்து மாப்பிள்ளை மேல் வைத்திருந்த ஆசைதான் உப்பு.

கல்யாணம் நடந்தது. இன்றும் விருந்தாளி வந்தால் மாமியார் ஆரம்பித்துவிடுவார்: "எங்க மருமவ சீரு கொண்டாந்தது ஒரே ஒரு முட்டைங்க, அதும் பழசு." அப்பா அங்கே இருந்தால் பதறிப்போய்த் திருத்துவார்: "அது பண்ணை முட்டை இல்லீங்க, ரூம் முட்டைங்க!"