பச்சோந்தி சாப்பிட்டதா?

விலங்கியல் படித்தவர்களுக்கு விலங்குகளைப் பற்றித் தெரியும் என்பது ஒரு மூடநம்பிக்கை. நான் பி.எஸ்ஸி. விலங்கியலில் முதல் வகுப்பு. அந்தப் படிப்பு முழுக்க நான் தொட்ட ஜீவராசிகள் எல்லாம், நான் தொடுவதற்கு முன்பே செத்துப்போனவை. கரப்பான்பூச்சியை மெழுகுத் தட்டில் மல்லாக்கப் போட்டு ஊசி குத்தத் தெரியும். பாட்டிலில் ஊறுகிற பாம்புக்குப் பெயர் எழுதத் தெரியும். உயிரோடு இருக்கிற ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை, பரீட்சையிலும் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் முதல் வகுப்பு ஏது?)

இந்தப் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு திருநின்றவூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பாதி நாள் தூங்கிக்கொண்டிருப்பார், மீதி நாள் தூங்கப் போய்க்கொண்டிருப்பார். ஆகவே இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. மாமனார் அங்கேயே ஓர் எண்ணெய்க் கம்பெனியில் பாய்லர் ஃபோர்மேன். மாமியார் வீட்டோடு இருந்தார். மற்ற எல்லாரும் அவருக்குக் கட்டுப்பட்டு இருந்தோம்.

எனக்கு வேலைக்குப் போக ஆசை. ஊரில் புதிதாகத் திறந்திருந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் சயின்ஸ் டீச்சர் தேவை என்று போர்டு தொங்கியது. அதன் கரஸ்பாண்டன்ட், அதாவது பள்ளியை நடத்தும் முதலாளி, மாமாவுக்குத் தெரிந்தவர். மாமாவுக்கு என்னை அனுப்ப அரை மனது இருந்தது. அத்தைக்குக் கால் மனதுகூட இல்லை. பேச்சை எடுத்தாலே எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்ப்பார், ஏற்கெனவே தேய்த்த பாத்திரமாக இருந்தாலும்.

அப்படி ஒரு சாயங்காலம் மாமாவின் டிபன் கேரியரைத் தேய்க்கத் திறந்த அத்தை, அலறிக்கொண்டு வெளியே வந்தார். மேல் டப்பாவில், சவுக்குக் குச்சியைக் கட்டிப் பிடித்தபடி, விரல் நீளத்தில் ஒரு பச்சோந்திக் குஞ்சு உட்கார்ந்திருந்தது. ஒரு கண் அத்தையைப் பார்த்தது, இன்னொரு கண் என்னைப் பார்த்தது.

"பாய்லருக்கு வந்த சவுக்கு லோடுல இருந்துச்சும்மா" என்றார் மாமா. "நெருப்புல போயிருக்கும். நம்ம ஊட்லதான் ஜுவாலஜி படிச்ச பொண்ணு கீதேன்னு எடுத்துக்கினு வந்தேன்."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். "நல்லதாப் போச்சு. மொதல்ல இத்த துன்ன வெக்கட்டும். ஒரு குஞ்சுக்குச் சோறு ஊட்டத் தெரியாதவ, நாப்பது புள்ளைங்கள எப்பிடி மேய்ப்பா? இது சாப்ட்டா ஸ்கூலுக்குப் போவட்டும், சாப்டலன்னா ஊட்ல இருக்கட்டும்."

மாமா தலையாட்டிவிட்டார். என் உத்தியோகம் ஒரு விரல் நீளப் பிராணியின் பசியில் போய் நின்றது.

பயத்தை வெளியே காட்டுவேனா? "இதெல்லாம் சாதாரணம் அத்தை" என்று சொல்லி, குரோட்டன்ஸ் தொட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்து, டி.வி. பக்கத்தில் வைத்து, குஞ்சை அதில் ஏற்றினேன். ஓடிப்போய்விடக் கூடாதே என்று, சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடுகிற பெரிய வலைக்கூடையைக் கவிழ்த்தேன். என் சொந்த ஐடியா அது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

அத்தை பருப்புச் சோற்றைக் குழைத்து, நெய் விட்டு, விரல் நுனியில் எடுத்துக்கொண்டு வந்தார். "துன்னுடா ராஜா, ஒரே ஒரு வாய்." குஞ்சு உடம்பை உப்பி வாயைப் பிளந்தது. "பாத்தியா, பசி" என்று அத்தை வாய்க்குள் ஒரு பருக்கையை வைத்தார். அது துப்பியது. அத்தையும் மாமாவும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பட்டதாரி பதில் சொல்ல வேண்டிய நேரம். "கொட்டாவி அத்தை" என்றேன்.

மறுநாள் அது கரிக்கட்டை மாதிரி கறுத்துப்போயிருந்தது. விஷயம் தெரிந்து தெருவே ஹாலில் கூடிவிட்டது. "ஏன் கறுப்பாச்சு?" என்று கேட்டார்கள். "அது சந்தோஷத்தின் நிறம், வீட்டுக்குப் பழகிவிட்டது" என்று நான் பாடம் நடத்தினேன். உடனே ஆளுக்கொரு துணியோடு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் விரித்தார்கள். மஞ்சள் துண்டு வந்தது, சிவப்புத் தாவணி வந்தது, யூனிஃபார்ம் பாவாடை வந்தது. எதிர் வீட்டு அக்கா கல்யாணப் பட்டுப் புடவையையே கொண்டுவந்து, "இந்த மாம்பழக் கலருக்கு மேட்சிங் வருதான்னு பாரேன், பிளவுஸ் எடுக்கணும்" என்றார். குஞ்சு அத்தனைக்கும் கறுப்பையே காட்டியது. அவ்வளவு சந்தோஷம் போலிருக்கிறது.

தினமும் காலையில் வாசலில் பால்காரர் முதற்கொண்டு எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "சாப்ட்டுச்சா?" நான் பரீட்சையில் ஃபெயிலானவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு கோலம் போட்டேன்.

ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. அத்தை தலைக்குக் குளித்துவிட்டு, ஹாலில் நின்று ஈரத் துண்டால் கூந்தலை அடித்து உலர்த்தினார். வலைக்குள் தெறித்த நீர்த்துளியைக் குஞ்சு இலையிலிருந்து நக்கிக் குடித்தது. கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அதுவரை அது சீண்டியதே இல்லை. அத்தை அன்று முழுக்க, "என் தலத் தண்ணியத்தான் குடிச்சுது" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

காய்கறி வாங்குகிற சாக்கில் பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பக்கம் திறப்பதற்குள் கத்தரிக்காய் வாடிவிட்டது. கடைசியில் திறந்து இப்படிச் சொன்னது: கறுத்தால் பயந்திருக்கிறது. வாயைப் பிளந்தால் மிரட்டுகிறது. உயிருள்ள பூச்சியை மட்டுமே தின்னும். புதிதாக வந்ததைச் சந்தடியில்லாத இடத்தில் வைத்துவிட்டு, உற்றுப் பார்க்காமல் விலகிவிட வேண்டும்.

இதை வீட்டில் எப்படிச் சொல்வது? தெரு முழுக்கச் சந்தோஷம் என்று சொன்ன வாய், இப்போது பயம் என்று சொல்லுமா? முதல் வகுப்பு மானம் என்ன ஆவது? நைசாக, "கொஞ்சம் தனியா விட்டுப் பாப்பமா அத்தை?" என்று மட்டும் ஆரம்பித்தேன்.

"சாப்டாத புள்ளயத் தனியா வுட்டுட்டுப் போறதா? இன்னாமா பேசற? உங்க திருநின்றவூர்ல அப்பிடித்தான் வளத்தாங்களா?" என்றார் அத்தை. நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

உயிருள்ள பூச்சி வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டேன். மாமா கம்பெனி கேன்டீனில் ஆளை வைத்து ஈ பிடித்து, மாத்திரை பாட்டிலில் இறுக்கி மூடிக் கொண்டுவந்தார். எல்லாம் வழியிலேயே செத்துவிட்டன. "லோடு வந்துடுச்சு, மெஷின்தான் இழுக்க மாட்டேங்குது" என்று மாமா கவலைப்பட்டார். பிறகு நான் மூளையைச் செலவழித்தேன். மாம்பழத் தோலையும் மீன் கழுவிய தண்ணீரையும் தொட்டியைச் சுற்றி வைத்தேன். கும்மிடிப்பூண்டி ஈக்கள் மொத்தமும் எங்கள் ஹாலுக்குக் குடிவந்தன. தரையில் தூசு கண்டால் சாமி வந்தவர் போல ஆடுகிற அத்தை, மூக்கைப் பொத்திக்கொண்டு பொறுத்துக்கொண்டார். குஞ்சு மட்டும் சாப்பிடவில்லை, இளைத்துக்கொண்டே போனது. செத்துவிடுமோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. வேலையைவிட, துருத்திக்கொண்டு நின்ற அதன் முதுகெலும்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை கரஸ்பாண்டன்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமா முன்னாடியே கூப்பிட்டு வைத்தது, வேண்டாமென்று சொல்ல எல்லாரும் மறந்துவிட்டோம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். அத்தை கேசரியும் பஜ்ஜியும் வைத்தார். ஈக்களும் சேர்ந்து உட்கார்ந்தன. என்னை இரண்டாவது முறையாகப் பெண் பார்க்கிற மாதிரி இருந்தது. பாடத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்கவில்லை.

"இன்னாம்மா இது?" என்று கேசரி வாயோடு தொட்டியைக் காட்டினார். நான் எழுந்து நின்று இங்கிலீஷில் அதன் பிரிவு, வரிசை, குடும்பம் எல்லாம் ஒப்பித்தேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"இன்னா துன்னும்?"

"உயிருள்ள ஈ சார். எத்தனையோ வரவெச்சுட்டோம் சார். என்னமோ சாப்பிட மாட்டேங்குது."

அவர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். "ஏம்மா, சோத்துல ஈ உக்காராம இருக்கத்தான இந்தக் கூடைய வாங்கறோம்? அத்தப் போட்டு மூடிட்டு, ஈய உள்ள வான்னா அது எப்பிடிம்மா வரும்?"

மாமா விட்டத்தைப் பார்த்தார். ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர்கூட உள்ளறையிலிருந்து களுக்கென்று சிரித்தார். (இன்றுவரை கனவில் சிரித்ததாகத்தான் சாதிக்கிறார்.) பூமி பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது.

"டீச்சர் வேல கேக்கறாங்கோ" என்று சொல்லிக்கொண்டே கரஸ்பாண்டன்ட் கூடையைத் தானே தூக்கினார். குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். கேசரி நெய் மினுமினுத்த அவர் மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. அதுவரை இரண்டு திக்கில் சுற்றிக்கொண்டிருந்த குஞ்சின் கண்கள், இரண்டும் ஒன்றாகத் திரும்பி அந்த மூக்கில் நின்றன.

நான் எச்சரித்திருக்கலாம். என் வாயிலிருந்து வந்ததோ வேறு. "சார், அசையாதீங்க."

மனிதர் அசையவில்லை. சடக்கென்று நாக்கு வந்தது, போனது. ஈயைக் காணோம். குஞ்சு நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"கடிச்சிட்ச்சு, கடிச்சிட்ச்சு" என்று பின்னால் சாய்ந்தவர், பிளாஸ்டிக் நாற்காலியின் காலை முறித்துக்கொண்டு, கேசரித் தட்டின் மேல் உட்கார்ந்தார். எழுந்த வேகத்தில் கூடையை எடுத்துக் குஞ்சை அடிக்க ஓங்கினார். நடுவில் அத்தையின் கை வந்து அதைப் பிடித்தது.

"துன்னுகினு கீற ஜீவன் மேல கைய ஓங்குவியா நீ?" அதுவரை 'நீங்க' என்றிருந்தவர் 'நீ'யாகிவிட்டார்.

"இந்த ஊட்டுப் பொண்ணுக்கு என் ஸ்கூல்ல வேல கெடையாது" என்றார் அவர், வேட்டியில் ஒட்டிய கேசரியைத் தட்டியபடி.

"உன் ஸ்கூலுக்கு யாரு அனுப்பறா? சாப்புட்ற நேரத்துல அடிக்கற எடத்துக்கு எம் மருமவ வரமாட்டா. துன்னாத குஞ்சத் துன்ன வெச்சவ அவ. வேற நல்ல ஸ்கூலாப் பாத்து நாளைக்கே போவா. இன்னாங்க, நான் சொல்றது?"

மாமா வேகமாகத் தலையாட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாப்பிட வைத்தது நானில்லை, அந்த மனிதரின் மூக்கு. ஆனால் அதைச் சொல்லி அத்தையைத் திருத்துகிற அளவுக்கு நான் முட்டாளும் இல்லை.

மறுநாள் மாமா குஞ்சை வண்டியில் கொண்டுபோய்ச் சவுக்குத் தோப்பிலேயே விட்டுவிட்டு வந்தார். அதை வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி தப்பு என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. (அதுவும் சிலபஸில் இல்லை.) அந்த மாதமே பொன்னேரியில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். இன்றும் அதே பள்ளி, அதே லோக்கல் ரயில்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் பசியில்லை என்றாலும் அத்தை கேட்பது ஒன்றுதான். "கரஸ்பாண்டன்ட வரச் சொல்லவா, மூக்கு மட்டும் போதுமா?" இதைக் கேட்டே வளர்ந்த என் மகள், கரஸ்பாண்டன்ட் என்பது சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற ஏதோ ஒன்று என்றே நினைத்திருந்தாள். அவளை எல்.கே.ஜி.யில் சேர்க்க என் பள்ளிக்கே கூட்டிப்போனேன். எங்கள் கரஸ்பாண்டன்ட் ரொம்ப நல்ல மனிதர். "நான்தான் இந்த ஸ்கூல் கரஸ்பாண்டன்ட்" என்று சிரித்துக் கை நீட்டினார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"இவர வெச்சா சாப்புடணும்? மூக்கு மட்டும் போதும்மா."

அட்மிஷன் கிடைத்துவிட்டது. டீச்சர் பிள்ளைகளுக்கு உண்டான ஃபீஸ் சலுகை மட்டும் கிடைக்கவில்லை.