முதல் பரிசு வாங்கிய முயல் பேசியது

ஒரு காட்டில் இளசுகளுக்கு மனசு சரியில்லை என்று பேச்சு கிளம்பியது. குட்டிகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கின்றன. பெரியவர்கள் கூடி ஆலோசித்து, குட்டிகளை ஓடவிடுவது என்று முடிவெடுத்தார்கள். ஏன் ஓட்டம் என்று கேட்காதீர்கள். எந்தக் கஷ்டம் வந்தாலும் பனியன் அச்சடித்து ஓடுவதுதான் அந்தக் காட்டு வழக்கம். போன வருஷம் தண்ணீர்ப் பஞ்சத்துக்காக ஓடினார்கள். எல்லோருக்கும் தாகம் எடுத்ததுதான் மிச்சம்.

விழாக்குழுச் செயலாளர் நெடுஞ்செவி என்கிற முயல். ஆமையைத் தேட வேண்டாம், இந்தக் கதையில் அது கிடையாது. 'மனம் திறந்து பேசு, காடே கேட்கும்' என்று பேனர் எழுதிக்கொண்டிருந்த நெடுஞ்செவியிடம் அவருடைய மகன் குறுவால் வந்து நின்றான்.

"அப்பா, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

"விழா முடியட்டும்டா. சீஃப் கெஸ்ட் யானைக்கு மாலை எவ்வளவு நீளம் கட்டணும்னே இன்னும் தெரியல."

"ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குதுப்பா. ஓட்டம்னாலே பயமா இருக்கு."

"நல்லதாப் போச்சு. முழிச்சிருக்கிற நேரத்துல பிராக்டிஸ் பண்ணு. செயலாளர் பையன் ரெண்டாவதா வந்தா நல்லாவா இருக்கும்?"

விழா நாளில் யானையார் வந்து சேர்வதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. அதுவரை குட்டிகள் வரிசையில் நின்று காய்ந்தன. கொடி அசைந்ததும் ஓடின. குறுவால்தான் முதலில் வந்தான். பயத்தில் ஓடுகிறவனை யாரால் முந்த முடியும்?

மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். தொகுத்து வழங்கிய கரடி மைக்கை நீட்டி, "ரெண்டு வார்த்தை பேசு தம்பி" என்றார்.

குறுவால் கூட்டத்தில் அப்பாவைத் தேடினான். அவர் போட்டோக்காரக் குரங்குக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு மனசு சரியில்ல" என்றான். "ரொம்ப நாளாவே சரியில்ல. எனக்கு ஓடப் பிடிக்கல. அப்பாகிட்ட சொல்லிப் பார்த்தேன், அவருக்கு நேரமில்ல. யாராவது கொஞ்ச நேரம் என்கூட உக்காருவீங்களா?"

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். காடே அதிரக் கைதட்டியது. யானையார் தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு உருக்கமா ஒரு பேச்சு நான் கேட்டதில்ல. யார் எழுதிக் குடுத்தது?" என்றார். "அவனே தயார் பண்ணினதுங்க" என்று நெடுஞ்செவி பெருமையில் நெளிந்தார். மேடையில் சொல்வதை நிஜம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் காட்டில் ஒருவருக்கும் இல்லை. இதைச் சொல்லும்போது எனக்கே ஆத்திரமாக வருகிறது.

குறுவாலுக்கு ஒரே நாளில் பேர் வந்துவிட்டது. அக்கம்பக்கத்துக் காடுகளும் ஓட்டம் நடத்த ஆரம்பித்தன. வாரம் ஒரு காட்டில் ஓட வேண்டும், ஜெயிக்க வேண்டும், மேடை ஏறி அதே பேச்சைப் பேச வேண்டும். பேனரில் இப்போது அவன் படம்தான். அழுகை வராத வாரங்களில் கரடி பின்னாலிருந்து ஞாபகப்படுத்தினார்.

ஒருநாள் மேடைப் படியில் குறுவால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, இன்னிக்கு நிஜமாவே முடியலப்பா."

நெடுஞ்செவி பூரித்துப் போனார். மகன் முதுகில் தட்டிக்கொடுத்து, "நல்லாருக்கே, இதையும் பேச்சுல சேத்துக்கோ" என்று மேலே ஏற்றிவிட்டார்.

நீதி: மனக்கஷ்டத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளாமல் வெளியே சொல்லிவிட வேண்டும், நன்றாகச் சொன்னால் வாராவாரம் சொல்ல வைப்பார்கள்.