தேய்த்து எடுத்த நூற்றைம்பது வருடம்

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நானும் அம்மாவும் உடலளவில் நலம். உன் நலத்தை நீ போன வாரம் போனில் இருமியதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

அப்பா சேர்த்துவைத்த நீராவி இயந்திர மாதிரிகளில் ஒன்றையாவது அவர் ஏன் ஒருநாளும் ஓட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. நாம் பார்த்ததெல்லாம் கண்ணாடி அலமாரியும் அதன் பூட்டும்தான்.

நடந்ததைச் சொல்கிறேன், பாதியில் போன் செய்யாதே. ரயில் வருவதற்கு முன்பே சுரங்கத்தில் தண்ணீர் இறைத்த இயந்திரங்களின் அந்த முழங்கை உயரப் பித்தளை நகல்களை அருங்காட்சியக அதிகாரி வந்து பார்ப்பதாகவும், சரியாக இருந்தால் அப்பா பெயர் பொறித்த பலகையோடு வைப்பதாகவும் சொல்லியிருந்தார், நான் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டு வகுப்பெடுக்கப் போய்விட்டேன், வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் அம்மா என்ன செய்வாள் என்று நமக்குத் தெரியாதா, திரும்பி வந்தால் எல்லாமே எலுமிச்சைத் தோலாலும் பாத்திரப் பொடியாலும் தேய்த்துக் கழுவப்பட்டு நேற்று வாங்கியதுபோல் பளபளக்கின்றன, கவிழ்த்துவைத்த டம்ளர்களுக்குப் பக்கத்தில் ஒரு புகைபோக்கி காய்ந்துகொண்டிருக்கிறது. "நாப்பது வருஷமா தேய்க்க விடலை உங்கப்பா. வர்றவர் என்ன நினைப்பாரு?" என்றாள்.

வந்தவர் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்போல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இதுமேல நூத்தம்பது வருஷம் இருந்துச்சு."

"அதைத்தான் தம்பி தேய்ச்சு எடுத்தேன்."

பழமையின் நிறம் போன பொருளை எடுத்துக்கொள்ள முடியாது என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அம்மாவுக்குப் புரிந்தது. சாப்பிடவில்லை. "அவர் பேரு ஒரு இடத்துல இருந்திருக்கும். அதையும் சேத்துக் கழுவிட்டேனா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் சொன்னால் நம்பமாட்டாள்; நீ சொன்னால் நம்புவாள், அது உனக்கே தெரியும். போனில் சொல். எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன். இனி அந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன் தங்கை

பின்குறிப்பு: இதை நேற்று எழுதினேன், தபால்தலை இல்லாததால் இன்னும் போகவில்லை. இன்று காலை அம்மா சின்னதை மட்டும் இறக்கச் சொன்னாள். கொதிகலனில் கைக்கணக்காகத் தண்ணீர் ஊற்றி, அடியிலிருந்த விளக்கை ஏற்றினாள். எப்படித் தெரியும் என்றேன்.

"நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து, நீங்க பள்ளிக்கூடம் போனதும் ஓட்டுவாரு. தண்ணி ஊத்துறது நான்தான். பாத்தா நீங்க கையைச் சுட்டுக்குவீங்கன்னு சொல்லலை."

சக்கரம் முதலில் திணறியது, பிறகு நன்றாகவே சுற்றியது. விளக்கு அணையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கொதிகலனின் அடியில் புதிதாகக் கரி படிந்திருந்தது. நான் துணியை எடுத்தேன்.

"இருக்கட்டும்" என்றாள்.