நீலச் சிலிப்பர் போன நாள்

மலேசியாவின் ஜோகூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும் ஒற்றைச் சிலிப்பரை அலுவலக ஆவணமாக்கிய மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். மூவாரில் நாங்கள் கட்டிய மரச்சாமான் தொழிற்சாலையின் ஸ்டோர்காரர் அவர். எல்லாருக்கும் அவர் சிலிப்பர் அண்ணன். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை.

கட்டுமான இடத்தில் எது வந்தாலும், எது உடைந்தாலும் படம் எடுப்பது அவர் வேலை. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நீலச் சிலிப்பரை வைப்பார். காலில் பூட்ஸ், சிலிப்பர் படத்துக்கு மட்டும், அதுவும் இடது மட்டும், பையில் வரும்.

"அளவுகோல் வைக்கலாமே அண்ணே?"

"மூணு வச்சேன், மூணும் காணாம போச்சு. ஒத்தச் சிலிப்பர எவன் தூக்குவான் லா?"

கம்பெனி கொடுத்த கேமராவும் அவருக்கேற்றதுதான். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தேதி ஜனவரி ஒன்றுக்கு ஓடிவிடும். அவர் தினமும் கழற்றுவார். கேமராவை நம்பினால், எங்கள் கட்டடம் அடித்தளம் முதல் கூரை வரை ஒரே புத்தாண்டு நாளில் எழும்பியது.

அந்த மழைக்காலத்தில் ஆறு உள்ளே வந்தது. பொருத்தியிருந்த சுவிட்ச்போர்டுகள் நனைந்து வீணாயின. வெள்ளம் வடிந்ததும் கழற்றி வெளியே போட்டோம். புதியவை வந்து பொருத்த நான்கு மாதம். திறப்பு விழாவும் நான்கு மாதம் தள்ளிப்போனது. அந்தத் தாமதத்துக்கான காப்புறுதிக் கோரிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. லாபிஸில் இருக்கும் எங்கள் குடும்பத்திலேயே விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். "இது பாஸானா நீ நிரந்தரம்" என்றார் மேலாளர். ஆகாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை.

படித்தவள் அல்லவா, காப்புறுதி நிறுவனத்துக்குப் போகும் கோப்பில் செருப்பா என்று கூசியது. இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாப் படங்களிலும் சிலிப்பரை வெட்டினேன். சேதப் பட்டியலில் அண்ணன் எழுதியிருந்த 'சிலிப்பர், நீலம், இடது, ஒன்று' என்ற வரியையும் அடித்தேன்.

"ஏம்மா, என் பொருள் வெள்ளத்துல போகலையா?"

"அண்ணே, இது பெரிய எடத்துக்குப் போற ஃபைல்."

"என் சிலிப்பரும் எட்டாம் நம்பர். சின்னது இல்ல."

கோலாலம்பூரிலிருந்து இழப்பு மதிப்பீட்டாளர் வந்தார். தமிழர்தான், சிரிப்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"வெள்ளத்துக்கு முன்னாடியே போர்டு மாட்டிட்டீங்கன்னு எப்படி நம்புறது? இந்தப் படம் போன வாரம் எடுத்ததாகூட இருக்கலாம். முன்னாடி மாட்டலன்னா, நீங்க ஏற்கெனவே லேட். வெள்ளத்து மேல பழி போட முடியாது."

"சைட் டைரி..." என்றேன்.

"எங்க?"

"அதுவும் வெள்ளத்துல போச்சு சார்."

கதவோரம் நின்ற அண்ணன் கேட்டார்: "அந்தப் படத்துல சிலிப்பர் என்ன கலரு?"

"எந்தச் சிலிப்பர்?" என்றார் மதிப்பீட்டாளர்.

வெட்டாத படங்களைக் கணினியில் திறந்தேன். சுவரில் பளபளவென்று போர்டு; கீழே நீலச் சிலிப்பர். அடுத்து வெள்ளத்தன்று எடுத்த படம்: ஸ்டோர் வாசலைத் தாண்டி, விடைபெற்றுப் போவதுபோல் நீலச் சிலிப்பர் மிதந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் சிவப்பு.

"மிதந்து போறத ஓடிப் பிடிக்காம போட்டோ எடுத்தீங்களா?"

"எது போனாலும் படம் எடுன்னு சொன்னாங்க சார்."

"நீலத்துல வலது இருக்கும்ல? அத வச்சு அப்புறமா எடுத்திருக்கலாமே."

"சிலிப்பர்ல கட்டைவிரல் வைக்கிற இடம் எந்தப் பக்கம்னு பாருங்க சார்."

மதிப்பீட்டாளர் திரைக்கு மிக அருகில் குனிந்தார். மாலை வரை நூற்றுக்கணக்கான கட்டைவிரல்களைப் பார்த்தார். எல்லாம் இடது.

கோரிக்கை பாஸானது. நானும் நிரந்தரமானேன். அடித்த வரியைப் பட்டியலில் மறுபடி சேர்த்திருந்தேன். அதை மட்டும் நிராகரித்துவிட்டார்கள்.

போன வருடம் நான் ஜோகூர் பாரு அலுவலகத்துக்கு மாற்றலானபோது அண்ணன் ஒரு நாளிதழ்ப் பொட்டலம் கொடுத்தார். உள்ளே அந்த நீல வலது.

"ஒத்தையா வீட்ல கெடந்துச்சு. நீ வச்சுக்க. எவனும் தூக்க மாட்டான்."

இப்போது என் கைப்பையில் அது இருக்கிறது. நான் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் ஓரமாக வந்து நிற்கிறது. வெட்டுவதில்லை.