பிரேசில் பிடி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு என் வீட்டில் நான்தான் ராஜா என்று தீர்மானித்தேன். தீர்மானித்தது அலுவலகத்தில். என் முக்கியமான தீர்மானங்களை அங்கேதான் வைத்துக்கொள்வது. வீட்டில் அவற்றுக்கு இடம் போதாது.

காரணம் ஒரு சண்டை. எனக்கும் என் மனைவி வசுமதிக்கும் நடப்பது அல்ல. அதன் முடிவு முன்கூட்டியே தெரியும், யாரும் ஒளிபரப்ப மாட்டார்கள். இது அமெரிக்காவில், ஒரு கூண்டுக்குள், ஒரு அமெரிக்கனும் ஒரு பிரேசில்காரனும் போடப்போகிற சண்டை. அங்கே சனிக்கிழமை இரவு என்றால் எங்கள் தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ஞாயிறு காலை. நேரடி ஒளிபரப்பு.

எம்.எம்.ஏ. என்று பெயர். குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப்பிடி எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிளறிய விளையாட்டு. எங்கள் கேபிள்காரர் போன வருஷம் புதிதாக ஒரு சானலைச் சேர்த்தார். வசுமதி டி.வி. தொடர் முடிந்து தூங்கப் போனதும் நான் அதைக் கண்டுபிடித்தேன். ஸ்வெட்டரோடு சேர்த்து ஐம்பத்தேழு கிலோ இருக்கும் எனக்கு, இரண்டு மாமிச மலைகள் மோதிக்கொள்வதைப் பார்ப்பதில் இனம்புரியாத ஆறுதல். அவர்களில் யாரும் என்னைப் பார்த்து, 'கொத்தமல்லி வாங்கச் சொன்னா புதினா வாங்கிண்டு வந்திருக்கேளே' என்று சொல்வதில்லை.

அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் தஹியா. ஹரியானாக்காரர், பரம்பரை பயில்வான் குடும்பம். "குஸ்தின்னா எங்க ஊர்தான் ராஜகோபாலன்ஜி" என்று ஒருநாள் மீசையைத் தடவினார். நான் பேனாவை மூடினேன். ஜப்பானில் ஆரம்பித்தேன். அங்கே வருஷக் கடைசி ராத்திரி குடும்பம் குடும்பமாக டி.வி. முன் உட்கார்ந்து இதைத்தான் பார்க்கிறார்கள் என்றேன். அரங்கத்தில் ஆயிரமாயிரம் பேர், ஆனால் கச்சேரியில் ஆலாபனை கேட்பது போல நிசப்தம், நல்ல பிடி விழுந்தால் மட்டும் கைதட்டல் என்றேன். அமெரிக்காவில் பல மாநிலங்கள் முதலில் தடை போட்டன, அப்புறம் விதிகள் எழுதினார்கள், இப்போது டிக்கெட் கிடைப்பதில்லை என்றேன். ரஷ்யாவில் எதிராளியின் சட்டையைப் பிடித்துத் தூக்கி எறிவார்கள், ஹாலந்தில் காலால் பேசுவார்கள் என்றேன். பிரேசிலுக்கு வரும்போது டீ நேரம் முடிந்து, செக்‌ஷனே என் மேஜையைச் சுற்றி நின்றது.

பதினெட்டு வருஷ சர்வீஸில் என் மேஜையைச் சுற்றி யாரும் நின்றதில்லை. ஒரு தடவை மேஜைக்கு அடியில் எலி புகுந்தபோது நின்றார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சண்டையில் அமெரிக்கன்தான் ஜெயிப்பான் என்று செக்‌ஷனுக்கே வாக்குக் கொடுத்திருந்தேன். எப்படி ஜெயித்தான் என்று திங்கட்கிழமை காலை பிடி பிடியாக நான் விளக்க வேண்டும். ஃபைல் தூக்கும் சப்ராசி வரைக்கும் காத்திருந்தான்.

வசுமதியிடமும் விஷயத்தைப் பக்குவமாகச் சொல்லிவைத்தேன். அவள் டி.வி. முன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜப்பான்ல பொம்மனாட்டிகளும் பாக்கறாளா?"

"குடும்பத்தோட பாக்கறா."

"அன்னிக்கு ராத்திரி சமையல்?"

"அது... தெரியாது."

"முக்கியமானது மட்டும் உங்களுக்குத் தெரியாது. சரி, அந்த பிரேசில்காரன் எப்பப் பாத்தாலும் மல்லாக்கப் படுத்துண்டிருக்கானே, அவனுக்கு உடம்பு சரியில்லையா?"

"அதான் அந்த ஊர்ப் பாணி. கீழ படுத்துண்டு பேசாம இருப்பான். மேல இருக்கறவன் தான் ஜெயிக்கிறதா நெனச்சுண்டு ஒரு கையை நீட்டுவான். கீழ இருக்கறவன் கப்புனு அந்த முழங்கையைப் பிடிச்சுப்பான். அப்புறம் மேல இருக்கறவன் தரையைத் தட்ட வேண்டியதுதான். தோத்துட்டேன்னு அர்த்தம். ஆனா இந்த அமெரிக்கன்கிட்ட அது பலிக்காது. ஏன்னா அவனோட இடுப்பு..."

"சித்த பேசாம இருங்கோளேன். பாக்க விடுங்கோ."

டி.வி.யில் அப்போது அந்த பிரேசில்காரனின் பழைய சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் எதைப் பார்க்கிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இடி விழுந்தது. வசுமதியின் அண்ணா பட்டாபியும் மன்னியும் கும்பகோணத்திலிருந்து வருகிறார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஞாயிறு காலை ஏழு மணி. தில்லியில் குடியிருக்கும் ஒவ்வொரு தமிழனுக்கும் இந்தத் தண்டனை உண்டு. ஊரிலிருந்து வருகிறவர்களை ஸ்டேஷனில் அழைத்து, ஆக்ரா காட்டி, மதுரா காட்டி, பெட்டியோடு திரும்ப ஏற்றிவிட வேண்டும்.

போன முறை அவர்கள் தில்லியின் இன்னொரு ஸ்டேஷனான நிஜாமுதீனில் இறங்கினார்கள். நான் மாலையும் கையுமாகப் புது தில்லி ஸ்டேஷனில் நின்றேன். இரண்டு மணி நேரம். அந்தக் கதை இன்றைக்கும் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்திக்குப் பந்தி பரிமாறப்படுகிறது.

"இந்தத் தடவையும் அவா பிளாட்பாரத்துல நின்னாளோ," என்றாள் வசுமதி, குரலை உயர்த்தாமல், "அவாளோட நானும் கும்பகோணத்துக்கு வண்டி ஏறிடுவேன். சொல்லிட்டேன்."

அவள் குரலை உயர்த்தினால் எனக்குப் பயம். உயர்த்தாவிட்டால் நடுக்கம்.

சனிக்கிழமை ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன். விடியற்காலையில் யோசனை வந்தது. ஜனவரி மாதம். மூடுபனி. இந்த மாதத்தில் தில்லிக்கு எந்த வண்டி நேரத்துக்கு வந்திருக்கிறது? தாமதம் என்று நான் சொன்னால் அது பொய்யாகாது. சற்று முன்கூட்டிச் சொல்லப்பட்ட உண்மை.

ஆறரைக்கு எழுந்தபோது வசுமதி குளித்துவிட்டுச் சமையலறையில் இருந்தாள். நான் ஹாலில் டெலிபோனை எடுத்தேன். இன்னொரு கை விரலால் கொக்கியை அழுத்திக்கொண்டேன். லைன் செத்துக் கிடந்தது. உரக்கப் பேசினேன்.

"ஹலோ, பாய்சாப்? தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கித்னா லேட் ஹை? சார் கண்டா? அச்சா, அச்சா. மதுராவில மூடுபனியா? ஓஹோ."

நன்றாகவே வந்தது. இத்தோடு வைத்திருக்கலாம். கலைஞன் அப்படி வைப்பதில்லை.

"பஹுத் சுக்ரியா பாய்சாப். இந்தக் குளிர்லயும் ட்யூட்டியா, பாவம். பச்சே கைசே ஹைன்? குழந்தைகள்லாம் சௌக்கியமா? அச்சா, நமஸ்தே."

வசுமதி கரண்டியோடு வந்து நின்றாள்.

"நாலு மணி நேரம் லேட்டாம்," என்றேன். "பதினோரு மணிக்குத்தான். பத்தரைக்குக் கிளம்பினாப் போறும்."

"அப்படியா," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

இவ்வளவு சுலபமா? இத்தனை வருஷம் வீணாக அல்லவா பயந்திருக்கிறேன்.

எட்டரைக்கு டி.வி. முன் உட்கார்ந்தேன். காபி வந்தது. கேட்காமலே இரண்டாவது காபியும் வந்தது. எங்கள் வீட்டில் இரண்டாவது காபி என்பது தீபாவளி அன்றைக்குக்கூட மனுப் போட்டு வாங்க வேண்டிய சமாசாரம். வசுமதி பட்டாணிக் கூடையோடு வந்து டெலிபோனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கூண்டுக் கதவு சாத்தப்பட்டது. மணி அடித்தது. அமெரிக்கன் ஒரே பாய்ச்சலில் பிரேசில்காரனைக் கீழே தள்ளி மேலே ஏறினான்.

"பாத்தியா," என்றேன். "நான் சொல்லலை?"

"திரைச்சீலையை விலக்கட்டுமா? ஒரே இருட்டா இருக்கு," என்றாள்.

விலக்கினாள். வெளியே பளீரென்று வெயில். மார்கழி முழுக்க எதிர் பிளாக்கை மறைத்த மூடுபனி இன்றைக்கென்று பார்த்து லீவு போட்டிருந்தது. மலை மந்திர் கோபுரம் தெரிந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த காக்கை கூடத் தெரிந்தது.

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"என்னன்னா இது, இப்படி வெயில் அடிக்கறது?"

"பனி மதுராவிலதான். இங்க இல்லை."

"மதுராவா, ஆக்ராவா?"

"மதுரா."

"ஆக்ரான்னு சொன்னாப்பல இருந்தது."

"ரெண்டுக்கும் நடுவுல."

அவள் தலையாட்டினாள். பட்டாணி கிண்ணத்தில் விழுந்தது. டொக், டொக்.

கீழே கிடந்த பிரேசில்காரன் அசையவில்லை. அமெரிக்கன் குத்தினான். அவன் வாங்கிக்கொண்டான். எனக்கு எதுவும் ஏறவில்லை. புது தில்லி ஸ்டேஷன் பிளாட்பாரம்தான் திரையில் தெரிந்தது. நடுவில் பட்டாபி, மஃப்ளர் இல்லாமல்.

"மன்னிக்கு சுகர் வேற," என்றாள் வசுமதி. "வேளைக்குச் சாப்பிடலைன்னா கை நடுங்க ஆரம்பிச்சுடும். நல்ல வேளை, வண்டிக்குள்ள உக்காந்துண்டிருக்கா. பிளாட்பாரத்துல நின்னுண்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"வசு, ஒரு தடவை என்கொயரிக்குப் போன் பண்ணிடட்டுமா? சும்மா, நிச்சயப்படுத்திக்க."

"எதுக்கு? அதான் நாலு மணி நேரம்னு சொல்லியாச்சே. அவரைப் போய்த் திரும்பத் திரும்பத் தொந்தரவு பண்ணுவாளா? பாவம், பிள்ளைகுட்டிக்காரர்."

அவள் கை டெலிபோன் மேல் இருந்தது. நான் மறுபடி உட்கார்ந்தேன்.

முதல் சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றிலும் அமெரிக்கன் மேலே, பிரேசில்காரன் கீழே. டெலிபோன் அடித்தது. என் உயிர் சோபாவை விட்டு ஒரு அடி மேலே எழும்பியது.

வசுமதி எடுத்தாள். "ஆங்... ஆரம்பிச்சாச்சு. இல்லை, இன்னும் ஆகலை. சித்த நேரம் பொறுங்கோ, நானே சொல்றேன்." வைத்துவிட்டாள்.

"யாரு?"

"மாடியாத்து மீனாக்ஷி மாமி."

"என்ன ஆரம்பிச்சாச்சு?"

"ஊறுகாய்க்கு எலுமிச்சம்பழம் நறுக்க. ஏன் இப்படி வேர்க்கறது உங்களுக்கு? ஜனவரியில?"

"ஸ்வெட்டர் கனம்."

"கழட்டிடுங்கோ. எங்கண்ணாவும் அப்படித்தான், அவனுக்குக் குளிரே தெரியாது. ஆனா ஒண்ணு, மனசுல வச்சுக்க மாட்டான். போன தடவை நீங்க வரலைன்னப்பகூட என்ன சொன்னான் தெரியுமா? மாப்பிள்ளை வேணும்னு பண்ணியிருக்க மாட்டார், பொய் சொல்லத் தெரியாத மனுஷன்னான்."

எனக்குள் ஏதோ முறிந்தது. முழங்கை என்று நினைக்கிறேன்.

"வசு," என்றேன். "நான் போன் பண்ணலை."

"எந்தப் போன்?"

"என்கொயரிக்கு. விரலால அழுத்திண்டு பேசினேன். லேட் ஒண்ணும் இல்லை. அவா ஏழு மணியிலேர்ந்து நின்னுண்டிருப்பா."

வானம் இடிந்து விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. ஒரு பட்டாணி மட்டும் விழுந்தது.

"அப்படியா," என்றாள்.

"நான் கிளம்பறேன். இப்பவே போறேன். ஓடறேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். நான் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடுவதற்குள் ஒரு துணிப்பையோடு வந்தாள். ஏற்கெனவே கட்டி வைத்த பை. மன்னிக்காக இருக்கும். இந்த நேரத்திலும் என்ன முன்யோசனை என்று எனக்குக் கண் கலங்கியது.

வாசலில் திரும்பிப் பார்த்தேன். திரையில் அமெரிக்கன் கையை ஓங்கிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

"ஜல்தி பையா, ஜல்தி," என்று ஆட்டோக்காரரை விரட்டினேன். கன்னாட் பிளேஸ் வரை மன்னியின் நடுங்கும் கைகள் கூடவே வந்தன. ஸ்டேஷனில் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினேன். பிளாட்பாரத்தில் ஒரு தமிழ் முகம் இல்லை. நின்று நின்று அலுத்துப்போய் அடுத்த வண்டியில் ஊருக்கே திரும்பிவிட்டார்களோ? அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். மூடுபனி காரணமாகத் தாமதம். எதிர்பார்க்கும் நேரம், மாலை ஐந்தரை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு பையைத் திறந்தேன். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தயிர் சாதம். ஃபிளாஸ்க்கில் காபி. கழுத்துக்கு மஃப்ளர். அன்றைய பேப்பர். ஒரே ஒரு டம்ளர், ஒரே ஒரு ஸ்பூன். ஒரு ஆள் ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் உட்காருவதற்கு என்னென்ன வேண்டுமோ, ஒன்று விடாமல் இருந்தது.

டெலிபோன் பூத்துக்குப் போய் வீட்டுக்குப் போட்டேன்.

"வண்டி சாயங்காலம்தான் வரது," என்றேன்.

"தெரியுமே. ஆறு மணிக்கே விசாரிச்சுட்டேன். அந்த நம்பர்ல மனுஷா யாரும் பேசறதில்லை. டேப்பு. பொம்மனாட்டி குரல். அதைப் போய் பாய்சாப்னு கூப்பிட்டு, குழந்தைகளை வேற விசாரிச்சேளே."

ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது.

"அப்ப ஏன் என்னை அனுப்பினே?"

"நான் எங்கே அனுப்பினேன்? போறேன், ஓடறேன்னது நீங்கதான்."

"தடுத்திருக்கலாமே."

"இருந்தா பேசிண்டே இருப்பேள். ஒரு பிடி நிம்மதியாப் பாக்க விடறேளா? நானும் மாமியும் எத்தனை நாளா இதுக்காகக் காத்துண்டிருக்கோம்."

பின்னால் டி.வி. இரைந்தது. அதற்கு மேல் மீனாக்ஷி மாமியின் குரல்: "திரும்பப் போட்டுக் காட்டறான் வசு. வா, வா, அந்த முழங்கையைப் பாரு."

நாளைக் காலை செக்‌ஷன் முழுவதும் என் மேஜையைச் சுற்றி நிற்கும். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"வசு, திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லணும். என்ன ஆச்சுன்னு கொஞ்சம் சொல்லேன்."

"ராத்திரி விவரமாச் சொல்றேன். குறுக்கே பேசப்படாது."

"யார் ஜெயிச்சான்னு மட்டுமாவது சொல்லு."

"இதென்ன கேள்வி," என்றாள். "கீழ பேசாமப் படுத்துண்டிருந்தவன்தான்."