புகைக்காரரின் இருபது தீப்பெட்டிகள்

பூதங்களைத் தேடிப் பிடித்து, டப்பாவில் அடைத்து, வளர்த்து, மோதவிட்டு, நண்பர்களோடு மாற்றிக்கொள்ளும் அந்த வீடியோ விளையாட்டைக் கண்டுபிடித்தது ஜப்பான்காரர்கள் என்று உலகம் சொல்லிக்கொள்ளட்டும். எனக்குத் தெரியும், அது பிறந்தது புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில். கண்டுபிடித்தவர் புகைக்காரர். ஜப்பான்காரர்கள் நிதானமாகப் பல வருஷம் கழித்து வந்து அதற்கு மின்சாரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கொசு மருந்துப் புகை அடிப்பது அவர் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அந்தப் புது வீட்டுக்குக் குடிபோனபோது அவர் எங்களுக்கு நேர் மேல்மாடி. பகல் முழுக்கத் தோளில் மெஷினை மாட்டிக்கொண்டு பூச்சிகளைக் கொல்வார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பூச்சிகளை வளர்ப்பார். இதில் ஏதாவது இடிக்கிறதா என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

அவருடைய உயிர் சண்டைச் சிலந்திகள். புளோக்குக்குப் பின்னால் இருந்த வேலிச்செடியில் இலைகளுக்கு நடுவே குடியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம்: பெயர், வீரம், பலவீனம், கோபம் வரும் நேரம். கீழ்த்தளத்துக் கல்மேசையில் இரண்டை மோதவிடுவார். ஒன்று பின்வாங்கினால் உடனே பிரித்துவிடுவார்.

"தோத்தது வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கணும். சாகக் கூடாதுலா" என்பார்.

ஒருநாள் அவருடைய முதலாளியிடமிருந்தே உத்தரவு வந்தது: வியாழக்கிழமை எங்கள் புளோக்குக்கும் அந்த வேலிக்கும் புகை. காரணம், மூன்றாம் மாடி மேடம் எழுதிப் போட்ட புகார். அந்தச் சீன அம்மாள் எதற்கும் புகார் எழுதுவார். லிப்ட் மெதுவாக வந்தால் ஒன்று, வேகமாக வந்தால் இன்னொன்று.

"வேலியை மட்டும் விட்டுடுங்களேன் அண்ணே, யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"டெங்கி வந்தா யார் பொறுப்பு தங்கச்சி? வேலைன்னா வேலைதான்."

புதன்கிழமை சாயங்காலம் வீடு வீடாக ஏறி இறங்கினார். இருபது வீடு, இருபது தீப்பெட்டி, உள்ளே பச்சை இலையோடு ஒரு சிலந்தி. மெஷினும் மருந்தும் கிடக்கிற தன் வீட்டில் வைக்க அவருக்குப் பயம், அதனால் எங்களிடம் மூன்று நாள் அடைக்கலம். மேடம் வீட்டுக் கதவைக்கூடத் தட்டினார் என்றால் அவர் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆள் நான். என் கையிலும் ஒன்றை வைத்தார்.

"பதினெட்டு ஆம்பளைங்க, ரெண்டே ரெண்டு பொண்ணுங்க. ஒண்ணு உங்ககிட்ட. ரெண்டும் போச்சுன்னா வேலியில வம்சமே இல்லை. பத்திரம் தங்கச்சி."

வெள்ளிக்கிழமை சாமி விளக்கேற்ற அவசரமாக ஒரு தீப்பெட்டியைத் திறந்தேன். குச்சி வரவில்லை. வம்சம் குதித்து வந்தது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. சிலந்தி முருகன் படத்துக்குப் பின்னால் போனது போனதுதான். என் கணவர் அலமாரியை நகர்த்தினார், அரிசி டின்னை நகர்த்தினார், கடைசியில் என்னையும் நகர்த்திப் பார்த்தார். கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை கல்மேசையில் தீப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. புகைக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்தார். முதலில் சண்டைச் சிலந்தி. அடுத்ததில் வெட்டுக்கிளி. அதற்கடுத்ததில் பொன்வண்டு. ஐந்தாம் மாடிக்காரர் கொண்டுவந்த பெட்டிக்கு வெளியே ஒரு பல்லிவால் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தொலைத்தவள் நான் மட்டும் இல்லை. கொடுத்ததைத் தொலைத்துவிட்டு, கையில் அகப்பட்டதைப் பெட்டியில் போட்டுப் பாதிப் புளோக்கே அப்பாவி முகத்தோடு நின்றது.

என் பெட்டியில் இருந்தது குளியலறைச் சிலந்தி. புகைக்காரர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா வளந்திருக்கு" என்றார்.

அவ்வளவுதான். நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி எழுத ஆரம்பித்தார். இப்படியாக ஒரே இனத்தைக் கொடுத்துவிட்டுப் பதினொரு இனத்தைத் திரும்பப் பெற்றார். உண்மையான சண்டைச் சிலந்திகள் ஒன்பதுதான் மிஞ்சின, ஒன்பதும் ஆண். நோட்டை மூடிவிட்டு அவர் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கடைசியாக லிப்ட் திறந்தது. மூன்றாம் மாடி மேடம். கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே ஈரத் துணி, புது இலை, காற்றுக்கு ஓட்டை, நடுவில் ராணி மாதிரி ஒரு சிலந்தி.

"திஸ் ஒன் லேடி லா. இன்சைட் காட் எக்ஸ்" என்று அதட்டினார். "நெக்ஸ்ட் டைம் டோன்ட் புட் இன் மேட்ச்பாக்ஸ். டூ ஸ்மால்!"

பார்த்தால் இலை மடிப்பில் வெள்ளையாக முட்டைக் கூடு. புகைக்காரர் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார். டின்னைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வேலிக்கு ஊர்வலம் போனோம். ஒரு வருஷமாக லிப்டில் முகம் பார்க்காமல் நின்றவர்கள் நாங்கள். மறுசனிக்கிழமை ஏழெட்டு வீட்டுக்காரர்கள் சொந்த நோட்டோடும் டப்பாவோடும் கீழே வந்தார்கள். மேடம் வெட்டுக்கிளியைக் கொடுத்துப் பல்லியை வாங்கிப் போனார்.

எனக்குத்தான் மனசு உறுத்தியது. புகைக்காரரைத் தனியாகப் பிடித்து உண்மையைச் சொன்னேன்.

"அது அன்னைக்கே தெரியுமே தங்கச்சி. அந்தக் குளியலறைச் சிலந்தியை எதால பிடிச்சீங்க?"

"கையாலதான் அண்ணே."

"கையாலயா? நீங்களா?" அவர் வியந்த வியப்பைப் பார்க்கவேண்டுமே. "எதுக்கு?"

அப்போது வெட்கப்பட்டுக்கொண்டு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வெறும் பெட்டியைத் திறந்து அந்த மனுஷன் முகம் வாடுவதைப் பார்க்க என்னால் முடியாது, அதற்குத்தான்.