எலிப் பட்டியலில் என் மகள்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளைக் காக்க வைக்கக் கூடாது என்பது விதி. அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் எலியின் மனம் கலங்கும், மனம் கலங்கினால் மூளைப் படம் கெட்டுப்போகும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நான் அங்கே கூண்டு கழுவுகிறவள்.

பரம்பரையாக வரும் அறிவு வளர்ச்சிக் குறையை ஆராய, அதே குறையோடு பிறக்கும்படி வளர்த்த எலிகள் அவை. ஒவ்வொன்றுக்கும் ஏழு தலைமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். குறை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எந்த எலியின் மாமியாரும் சண்டை போட்டதாகக் குறிப்பில்லை.

என் மகளுக்கும் அதே குறை. ஐந்து வயது. இப்போது வலிப்பும் வருகிறது. தலையைப் படம் எடுத்தால்தான் மருந்து எழுத முடியும் என்று டாக்டரம்மா சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிறது. ஸ்கேன் மெஷின் ஒன்றுதான். காலை முழுவதும் எலிகளுக்கு, மிச்ச நேரம் மனிதர்களுக்கு. அந்த மிச்ச நேரத்தில்தான் டைரக்டர் விருந்தாளிகளுக்கு மெஷினைச் சுற்றிக் காட்டுவார். மூளைப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவது இப்போது மோஸ்தர். அவர் அறையில் ஒரு எலி மூளை சிவப்பும் நீலமுமாகத் தொங்குகிறது. வந்திருந்த ஓர் அம்மாள், "எந்தத் தோட்டத்துப் பூ சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கிளார்க்கிடம் போனேன்.

"அண்ணே, என் பொண்ணு பதினாலு மாசமா காத்திருக்கா. அவ படம் கெட்டுப்போகாதா?"

"அந்த விதி எலிக்கும்மா. எலி கலங்கினா நான் விளக்கம் எழுதணும். மனுசன் கலங்கினா யாரு கேக்கப் போறா?"

நல்ல மனுஷர். அவருக்கே மனசு கேட்கவில்லை.

"ஸ்கேனுக்கு அனுமதி குடுக்குற மனுசங்க கமிட்டி கூடி ஒன்றரை வருசமாச்சு. எலிக் கமிட்டி வாராவாரம் கூடுது. எலி ஃபாரத்துல எழுதிடலாமா?"

"ஐயோ, பொய்யா?"

"இதுல 'எலியா'ன்னு எங்கயாவது கேட்டிருக்கா? 'பரம்பரைக் குறை உண்டா'ன்னுதான் கேட்டிருக்கு. உண்டுல்ல?"

உண்டுதான். வால் நீளம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினோம். சுபாவம் என்ற இடத்தில் 'கடிக்காது' என்று எழுதச் சொன்னேன். அது மட்டும் முழு உண்மை இல்லை.

நாலாம் நாளே கடிதம் வந்தது.

'தங்கள் பிராணி அங்கீகரிக்கப்பட்டுள்ளது. வாலின்மை ஆராய்ச்சிக்கு இடையூறாகாது எனக் குழு ஒருமனதாகக் கருதுகிறது. வியாழன் காலை ஒன்பது மணி. மெத்தென்ற படுக்கை தரப்படும். விளக்கு மங்கலாக்கப்படும். அருகில் எவரும் உரக்கப் பேசலாகாது.'

படித்ததும் கண் கலங்கிவிட்டது. எந்த ஆஸ்பத்திரியிலும் என் பிள்ளையை யாரும் இப்படித் தாங்கியதில்லை. கீழே ஆறாவது நிபந்தனை இருந்தது: 'படம் எடுத்தபின் பிராணியின் உயிரை முடித்து, மூளையைச் சீவி ஒப்படைக்கவும்.'

ஓடினேன்.

"அண்ணே, ஆறாவதை அடிச்சிருங்க!"

"அச்சடிச்ச வரியை அடிக்க எனக்கு அதிகாரமில்லம்மா. ஒண்ணை அடிச்சா மொத்த உத்தரவும் செல்லாது."

பிள்ளைகளோடு பெற்றவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்து அழுதேன். பக்கத்திலிருந்த அக்கா கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"நாலே நாள்லயா! ஃபாரம் எங்கம்மா குடுக்குறாங்க?"

"ஆறாவதைப் படிங்கக்கா."

படித்தாள். கடிதத்தை அடுத்தவரிடம் நீட்டினாள். அவர் பஸ் டிரைவர். இரண்டு முறை படித்துவிட்டு நேரே கிளார்க்கிடம் போனார்.

"சார், இந்த ஆறாவதுக்கு யாரு உத்தரவு போடணும்?"

கிளார்க் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "எலின்னா யாருமே வேண்டாம். மனுசன்னா... மனுசங்க கமிட்டி கூடி முடிவெடுக்கணும்."

டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இது மனுசப் புள்ளதானே, கவலைய விடுங்க. அவங்க கூடுறதுக்குள்ள நம்ம புள்ளைங்க பேரன் பேத்தி எடுத்துரும்!"

பெஞ்சே சிரித்தது. நானும்தான்.

வியாழக்கிழமை என் மகள் மெத்தென்ற படுக்கையில் படுத்தாள். மருந்து எழுதியாயிற்று, வலிப்பும் குறைந்திருக்கிறது. இப்போது பெஞ்சிலிருந்த முப்பது பிள்ளைகளும் எலிகள்.

எங்களுக்கு ஒரே பயம்தான். டைரக்டர் மாறப்போகிறாராம். வரப்போகிறவர் ரொம்பச் சுறுசுறுப்பானவர், எல்லாக் கமிட்டியையும் மாதாமாதம் கூட்டுவார் என்கிறார்கள். அப்படிப்பட்டவர் எங்களுக்கு வேண்டாம் என்று முப்பது வீட்டாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருக்கிறோம்.